மழையின் சராசரியை மட்டும் நம்பிப் பயிரிடலாமா?

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம், கரிவலம்வந்தநல்லூர்ப் பகுதியில் மானாவாரி விவசாயம் பெரிதும் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. "சராசரி மழை இவ்வளவு" என்று கேட்டதும், அவ்வளவும் ஆண்டுதோறும் கிடைக்கும் என்று எண்ணி, விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்குவோர் உண்டு. சராசரியுடன் வேறு இரண்டு எண்களையும் அறிந்துகொள்வது அவசியம்.

பதினைந்து ஆண்டுகளின் அக்டோபர்–டிசம்பர் மழையை (மி.மீ.) பெரியதிலிருந்து சிறியது வரை கீழே எழுதியுள்ளோம். இவை விளக்கத்திற்கான எண்களே.

750, 600, 520, 460, 420, 390, 370, 350, 330, 310, 290, 270, 240, 200, 125

1. சராசரி: மொத்தம் 5,625, இதை 15-ஆல் வகுக்க 375 மி.மீ. ஆனால், 9 ஆண்டுகளில் மழை இதற்குக் குறைவு. ஓரிரு பெருமழை ஆண்டுகள் சராசரியை உயர்த்திவிடுகின்றன. நடுவில் உள்ள 8-வது எண் 350 தான்.

2. திட்ட விலக்கம்: சராசரியை ஒட்டி மழை எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதைக் காட்டும் அளவு இது. இங்கு சுமார் 160 மி.மீ. அதாவது, 215 முதல் 535 மி.மீ. வரையில் 11 ஆண்டுகளின் மழை அடங்கும். வேறோர் ஊரில் சராசரி இதே 375 ஆகவும், விலக்கம் 60 ஆகவும் இருப்பின், அங்கு துணிந்து செலவு செய்யலாம். இங்கு அவ்வாறு செய்ய இயலாது.

3. நம்பத்தக்க மழை: ஆண்டுகளின் எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டினால் 16. வரிசையில் 12-வது எண்ணைப் பாருங்கள். 12-ஐ 16-ஆல் வகுத்தால் 75 விழுக்காடு. ஆகவே, நான்கில் மூன்று பங்கு ஆண்டுகளில் 270 மி.மீ. அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு நான்காவது ஆண்டும் மழை குறையும் என்று இதற்குப் பொருளன்று. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளும் பொய்க்கலாம்.

எனவே, பயிர்த் திட்டத்தை 375-க்கு அன்றி 270-க்கே வகுத்துக்கொள்ள வேண்டும். நிலத்தின் ஒரு பகுதியில் 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும் உளுந்தை விதைக்கலாம். பருத்திக்கு மேலுரத்தை மழை கிடைத்த பின்னரே வாங்கி இடலாம். மொத்த மழை போதுமானாலும் இடையில் வறட்சி வரக்கூடும். ஆதலால், மழை பெய்த நாட்களையும் குறித்து வைத்தல் நலம்.

அருகிலுள்ள மழைமானியின் பதிவுகளை வேளாண்மை அலுவலர் மூலம் பெற்று, வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 ஆண்டுப் பதிவு கிடைப்பின் மிகவும் நல்லது. ஏற்ற பயிர், இரகம் பற்றிய ஆலோசனைகளைக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பெற்றுப் பயனடையலாம்.