பட்டுச் சாரத்துக்குள் செல்லை வெட்டாமல் பார்ப்பது எப்படி?

காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் பட்டுக்குப் பெருமை தேடித்தரும் குணமே நுண்ணோக்கியின் கீழ் தொல்லையாகிறது. நூலைக் கொதிநீரில் வேகவைத்து, எடையில் ஏறத்தாழ கால்வாசியான செரிசின் பசையை நீக்கியதும் மிஞ்சுவது ஃபைப்ரோயின். சாயத்தை இறுகப் பிடிப்பது அதுதான். திசுப் பொறியியலில் செல் வளர்க்கும் நுண்துளைச் சாரத்தையும் பல ஆய்வகங்களில் இதே ஃபைப்ரோயினைக் கரைத்துத்தான் வார்க்கிறார்கள். செல்லுக்கென்று ஊற்றும் ஒளிர்சாயத்தைச் சாரமும் குடிக்கிறது. போதாததற்கு, புற ஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டால் பட்டு தானாகவே நீலமும் பச்சையுமாக ஒளிர்கிறது. பச்சை தெரிந்ததும் செல் பரவிவிட்டது என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு.

ஆகவே செல் ஏற்றும் நாளிலேயே வெறும் சாரம் இரண்டை அதே ஊடகத்தில் போட்டுவையுங்கள். ஒன்றுக்குச் சாயம் வேண்டாம். மற்றதற்குச் செல் உள்ள சாரத்துக்குச் செய்யும் அதே சாயம், அதே கழுவல். முதலாவது பட்டின் சொந்த ஒளியைக் காட்டும், இரண்டாவது அது குடித்த சாயத்தையும் சேர்த்துக் காட்டும். சாயமிட்ட வெறும் சாரம் ஏறக்குறைய இருட்டாகத் தெரியும்வரை நுண்ணோக்கி உணர்வியின் பெருக்க அளவான கெயினைக் குறையுங்கள். பிறகு அதைத் தொடவே கூடாது. அந்த அளவில் செல்லும் மறைந்தால் கெயினை ஏற்றாதீர்கள், சாயத்தை மாற்றுங்கள். நீலத்தில் ஒளிரும் ஹெக்ஸ்ட் சாயம் இங்கே வேண்டவே வேண்டாம். சிவப்பும் அதைத் தாண்டியதும் நல்லது. அதைவிட நல்லது, செல்லுக்குச் சாயத்தை முன்பே ஏற்றி, நன்றாகக் கழுவி, அப்புறம் சாரத்தில் விடுவது. செல் பிரியப் பிரியச் சாயம் நீர்த்துப்போகும் என்பதால் வாரக்கணக்கில் பார்க்க வேண்டுமானால் சிவப்பு ஒளிர்புரதத்தைத் தனக்குள்ளேயே உருவாக்கும் செல்லே தேவை.

பின்னணியைக் கணினியில் கழித்துவிடலாமே என்பார்கள். பட்டின் ஒளி சீராக இருந்தால் கழிக்கலாம். சுவர் தடித்த இடம் பளிச்சென்றும் துளை இருட்டாகவும் இருக்கும்போது, சுவரை ஒட்டி வாழும் செல்லையும் சேர்த்துத்தான் கழிப்போம். சூடான் பிளாக் பட்டின் ஒளியை அடக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஆல்கஹாலில் கரைத்த அந்தச் சாயத்தை உயிருள்ள செல் மீது ஊற்ற முடியாது.

சாரத்தின் ஆழத்தில் உள்ள செல்லைப் பார்க்க வேறு வழி உண்டு. பட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54, நீருடையது 1.33, இந்த வேறுபாட்டால் ஒளி சிதறி, கன்ஃபோகல் நுண்ணோக்கியின் படம் மேற்பரப்பைத் தாண்டியதும் மங்கும். 1990இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் அறிமுகப்படுத்திய இரு ஃபோட்டான் முறை அகச்சிவப்பை ஒட்டிய ஒளியால் இன்னும் உள்ளே போகும். லேசரை 800 நானோமீட்டரில் வைத்தால் 400இல் குறுகிய வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். லேசரின் பாதி அலைநீளத்தில் வரும் பட்டின் இரண்டாம் ஹார்மோனிக் ஒளி அங்கே விழுந்து, சுவர் தனிச் சேனலில் பிரியும். செல் சுரக்கும் கொலாஜனும் அங்கேயே தெரியும் என்பதால் வெறும் சாரத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

படமெடுத்த சாரத்தை இன்குபேட்டருக்குத் திருப்பியனுப்பி, லேசர் படாத இன்னொரு செல் சாரத்தோடு மறுநாள் ஒப்பிடுங்கள். இரண்டிலும் செல் ஒரே மாதிரி வளர்ந்திருந்தால், அந்த லேசர் அளவிலேயே அடுத்த வாரமும் எடுக்கலாம்.