வலியும் காலமும் இடமும்

நுழையும்முன்

போர் என்றவுடன் படைக்கலன்களின் ஆற்றலே நம் நினைவிற்கு வரும். தன்னிடமுள்ள குறையை அறிந்து, அதற்கேற்பத் திட்டமிடுவதும் வீரமே. 1971ஆம் ஆண்டுப் போரில் இதனைச் செயலில் காட்டியவர், தமிழ் மண்ணில் பிறந்த ஒரு கடற்படைத் தளபதி.

நாகர்கோவில் முதல் வங்கக்கடல் வரை

வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1919இல் நாகர்கோவிலில் பிறந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரில் காட்டிய தீரத்திற்காக டி.எஸ்.சி. என்னும் விருதைப் பெற்றார். படிப்படியாக உயர்ந்து, 1971இல் விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைமைத் தளபதியானார்.

குறையுள்ள கப்பல்

இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் நான்கு கொதிகலன்களுள் ஒன்று விரிசலுற்றுப் பயன்படாமல் இருந்ததால் கப்பலின் வேகம் குறைந்திருந்தது. அதனை மூழ்கடிக்கும் நோக்குடன், காஸி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல் நவம்பர் 14ஆம் நாள் கராச்சியிலிருந்து புறப்பட்டது. அந்நாட்டு நீர்மூழ்கிகளுள் வங்கக்கடல் வரை வந்து செயற்படும் திறன் அதற்கு மட்டுமே இருந்தது.

சென்னைக் கடலில் தேடல்

காஸி சென்னைக் கடற்பரப்பிற்கு வந்து விக்ராந்தைத் தேடியது. சாந்தோமிலும் அடையாற்றிலும் கரையோர மக்கள் தத்தம் அன்றாட வேலைகளில் ஈடுபட்டிருந்த நாள்கள் அவை. ஆனால், விக்ராந்த் அதற்கு முன்பே சென்னையை விட்டு நீங்கி, அந்தமான் தீவுகளின் மறைவான துறையொன்றைச் சேர்ந்திருந்தது.

அக்கப்பல் விசாகப்பட்டினத்தின் அருகில் இருப்பதாகப் பகைவர் நம்ப வேண்டும் எனக் கிருஷ்ணன் கருதினார். ராஜ்புத் என்னும் பழைய நாசகாரிக் கப்பல், விக்ராந்த் போல வானொலிச் செய்திகளை அனுப்பியது. பெருங்கப்பலுக்கு வேண்டிய அளவில் உணவுப்பொருள்கள் விசாகப்பட்டின ஒப்பந்தக்காரர்களிடம் கோரப்பட்டன. விக்ராந்தின் மாலுமி ஒருவர் நோயுற்ற தம் தாயின் நலம் கேட்பது போன்ற செய்தியும் வேண்டுமென்றே வெளிப்படையாக அனுப்பப்பட்டது.

காஸி விசாகப்பட்டினத்தை நோக்கித் திரும்பியது. டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி, அத்துறைமுகத்தின் வெளியே வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்நீர் வெடிகளே காரணம் என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. கண்ணிவெடியோ உள்வெடிப்போ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. அதிலிருந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. வெற்றியைப் போற்றும்போது, கடமையில் மாண்ட அம்மாலுமிகளையும் நினைப்பது மனிதப் பண்பு.

வெற்றியும் பணியும்

டிசம்பர் 4ஆம் நாள் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி அடைபட்டது. டிசம்பர் 16இல் டாக்காவில் சரண் ஆவணம் கையெழுத்தானபோது, உடன் நின்ற இந்தியத் தளபதிகளுள் கிருஷ்ணனும் ஒருவர். அந்நிகழ்வின் புகழ்பெற்ற ஒளிப்படத்தில் அவரை இன்றும் காணலாம். பத்ம பூஷண் விருது பெற்ற அவர், ஓய்விற்குப்பின் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1982இல் மறைந்தார்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். விரிசலுற்ற கொதிகலனை மறவாமை வலியறிதல்; பகைவர் வருமுன் சென்னையை விட்டு நீங்கியமை காலமறிதல்; அந்தமானில் மறைந்திருந்தமை இடனறிதல். மூன்றும் ஒருங்கே அமைந்தபோது, குறையுள்ள கப்பலும் வெற்றிக்குத் துணையாயிற்று.

கற்பவை கற்றபின்...

1. தன் குறையை அறிந்து செயற்படுவது வலிமையாகுமா? கிருஷ்ணனின் திட்டத்தைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. இப்பாடப் பகுதியை நாளிதழ்ச் செய்தியாக மாற்றி எழுதுக.