பணம் நின்ற பிறகும் போய்க் கேள்

அன்புள்ள கயல்விழிக்கு,

லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குக்கு, சிரிய அகதிக் குடும்பங்களுக்குத் தரும் உதவித்தொகையை மதிப்பிடப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். புறப்படுமுன் பழைய ஆய்வு ஒன்றைப் படித்துவிடு.

2013 நவம்பரிலிருந்து 2014 ஏப்ரல் வரை லெபனானில் குளிர்காலப் பணமாகச் சிரிய அகதிக் குடும்பத்துக்கு மொத்தம் 575 டாலர் கொடுத்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் வசிப்பவர்களுக்கு மட்டும். ஆய்வாளர்கள் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்த குடும்பங்களை ஒப்பிட்டார்கள். 490 மீட்டருக்கும் 510 மீட்டருக்கும் குளிரில் பெரிய வித்தியாசம் ஏது? பணம் ஒன்றுதான் வித்தியாசம். கணப்புக்கென்று கொடுத்ததில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போயிருந்தது. நோக்கம் தவறிய செலவு என்று எழுத அவசரக்காரருக்குக் கை பரபரக்கும். பசித்த வீட்டில் வேறென்ன நடக்கும்? பணம் வந்த வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவதும் குறைந்திருந்தது.

கூடாரக் குடியிருப்புகளில் ஷாவிஷ் என்றொருவர் இருப்பார். நிலக்காரருக்கு வாடகை வசூலிப்பவரும், வயல்வேலைக்கு ஆள் அனுப்புபவரும் அவரே. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கூலி பற்றியும் கடன் பற்றியும் உனக்கு நிஜம் வராது. தனியாகப் பேசு. வருமானம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதே. கடையில் பற்று எவ்வளவு, வாடகை எத்தனை மாதம் பாக்கி என்று கேள்.

உதவி நின்று ஆறு மாதம் கழித்தும் போ. லெபனானில் மாதம் 175 டாலர் பெற்ற குடும்பங்களை ஆராய்ந்தபோது, கைக்குப் பணம் வந்தவரை உணவும் பிள்ளைகள் நலமும் தேறியிருந்தன. நின்ற ஆறு மாதத்துக்குள் அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

இதைச் சொன்னால், உடனே வறுமையிலிருந்து நிரந்தரமாக மேலேற்றும் 'கிராஜுவேஷன்' திட்டம் வேண்டும் என்பார்கள். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் வங்கதேசத்தில் தொடங்கியது அது: மாடோ ஆடோ கொடுத்து, கொஞ்ச காலம் செலவுக்கும் பணம் தந்து, பயிற்சியளித்து, வீடு தேடிப் போய் வழிகாட்டுவது. ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தருபவை. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்தது. ஆனால் அங்கே யாரும் வேலை செய்ய அனுமதி கேட்டு நிற்கவில்லை. லெபனானில் சிரியர்களுக்கு விவசாயம், கட்டுமானம், துப்புரவு தவிர மற்ற வேலைகள் பெரும்பாலும் மூடிய கதவு. தையல் கற்றவள் கடை போட முடியாமல் போனால், அதைக் குடும்பத்தின் தோல்வியாகப் பட்டியலில் ஏற்றாதே. அந்தத் தடைக்கும் அறிக்கையில் ஒரு பத்தி ஒதுக்கு. வெட்டச் சொன்னால் பின்னிணைப்பிலாவது வை.

அன்புடன்,
அக்கா