கட்டத்துக்குள் அடங்காத குறிப்பு

சென்ற பொங்கல் விழாவில் நேரவிருந்த ஒரு தீங்கைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். பிழை என்னுடையதே.

விழாப் பணிகளை, ஆய்வுக்கூடத்தில் நான் பழகியிருந்த மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் மென்பொருளில் அட்டவணையாக்கினேன். 'மதிய உணவு' என்ற பணிக்கு மூன்று வரிக் குறிப்பு எழுதினேன். முதல் வரியில் உணவு வகைகள். இரண்டாம் வரியில் உண்போர் தொகை. மூன்றாம் வரியில், முதலாண்டு மாணவர் ஒருவருக்கு நிலக்கடலை ஆகாது, உண்டால் மூச்சுத் திணறும் என்ற செய்தி. அட்டவணையை அச்சிட்டுச் சமையல் பொறுப்பேற்ற நண்பரிடம் கொடுத்தேன். தாளில் முதல் வரி மட்டுமே இருந்தது. கடலைச் சட்டினி இலைக்கு வந்துவிட்டது. அம்மாணவர் மணத்தால் உணர்ந்து கையை எடுத்துக்கொண்டார். ஊரை விட்டு இவ்வளவு தொலைவில் படிக்க வந்த பிள்ளை. அவர் தாயாருக்கு நாம் என்ன விடை கூறியிருப்போம்?

நான் எழுதிய மற்ற வரிகள் எங்கே போயின? எங்கும் போகவில்லை, மென்பொருளில் பத்திரமாகவே இருந்தன. அட்டவணையில் ஒரு பணிக்கு ஒரு நிரை. கட்டத்தின் அகலமும் உயரமும் இடந்தரும் அளவுக்கே குறிப்பு தெரியும், மிச்சம் மறைந்துவிடும். எனவே, சேமிப்பது வேறு, காட்டுவது வேறு என்பதை நாம் முதலில் உணரவேண்டும்.

முழுக் குறிப்பையும் காண வழிகள் உண்டு.

ஒன்று: நிரை எண்ணின் கீழ்க்கோட்டைப் பிடித்து இழுத்து நிரையை உயர்த்தலாம், நிரலையும் அகலப்படுத்தலாம். இரண்டு மூன்று வரிகளுக்கு இது போதும். குறிப்பு நீண்டால் அட்டவணை உருக்குலையும்.

இரண்டு: திரையை இரண்டாகப் பிரித்துக் கீழே 'டாஸ்க் ஃபார்ம்' படிவத்தைத் திறந்து, அதில் 'நோட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மேலே தொட்ட பணியின் குறிப்பு கீழே வரி பிரிந்து தோன்றும். திரையில் படிப்போர்க்கு இதுவே சிறந்தது.

மூன்று: அச்சிடும்போது 'பேஜ் செட்டப்' பெட்டியின் 'வியூ' பகுதியில் 'பிரின்ட் நோட்ஸ்' என்பதைக் குறித்தால், குறிப்புகள் தனித்தாளில் அச்சாகும். நான் செய்யத் தவறியது இதுதான்.

குறிப்பை 'டெக்ஸ்ட்' நிரல்களில் எழுதினால் என்ன என்று சிலர் கேட்கலாம். அவற்றின் எல்லை 255 குறிகள். நமக்குத் 'தமிழ்' மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ ஐந்து குறிகள், விசிறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால். ஆகவே தமிழ்க் குறிப்பு நாம் எண்ணுவதற்கு முன்பே எல்லையைத் தொட்டுவிடும்.

எக்செல் ஏட்டில் ஒரு கட்டம் 32,767 குறிகளைக் கொள்ளும். ஆல்ட் விசையுடன் என்டர் விசையை அழுத்தி வரி பிரிக்கலாம். 'ராப் டெக்ஸ்ட்' கொடுத்து மடக்கலாம். ஆயினும் நிரையின் உயரம் 409 புள்ளிகளைத் தாண்டாது. அங்கும் கொள்ளளவு பெரிது, காட்டும் அளவு சிறிது.

நண்பர்களே, இவ்வாண்டு அட்டவணையில் 'எச்சரிக்கை' என்று தனி நிரல் ஒன்று சேர்த்துள்ளேன். உயிரோடு தொடர்புடைய செய்தி அதில் நான்கைந்து சொற்களில் நிற்கும். விளக்கம் குறிப்பில் இருக்கும். அச்சான தாளை நானே ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே பிறரிடம் கொடுப்பேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.