பதவியினும் பெரிது

நுழையும்முன்

பதவியை அடையப் போராடியோர் பலர். கொண்ட கொள்கைக்காகக் கையிலிருந்த பதவியை இழக்கத் துணிந்தோர் சிலர். அச்சிலருள் ஒருவர், அமெரிக்க எல்லைப்புறத்தில் வழக்கறிஞராக விளங்கி, மக்கள் வாக்கால் இரு மாநிலங்களின் ஆளுநராக உயர்ந்த சாம் ஹூஸ்டன்.

இளமையும் கல்வியும்

ஹூஸ்டன் 1793ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தார். தந்தை மறைந்தபின், அன்னை தம் மக்களுடன் அந்நாளில் எல்லைப்புறமாக இருந்த டென்னசியில் குடியேறினார். கடையில் எழுத்தராக அடங்கியிருக்க விரும்பாத ஹூஸ்டன், பதினாறாம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறிச் செரோக்கிப் பழங்குடியினரோடு ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாழ்ந்தார். அவர்தம் மொழியைக் கற்றார். பழங்குடித் தலைவர் அவரை மகனாக ஏற்று, அண்டங்காக்கை எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

அக்காலத்தில் எல்லைப்புறத்தில் வழக்கறிஞராக விரும்பியோர், மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் சட்ட நூல்களைப் பயின்று தேர்வில் தேறுவதே வழக்கம். பதினெட்டு மாதப் பாடத்தை ஹூஸ்டன் நாஷ்வில் நகரில் ஆறே மாதங்களில் முடித்தார். லெபனான் என்னும் சிற்றூரில் வழக்காடத் தொடங்கினார். 1823இல் காங்கிரஸ் உறுப்பினராகவும் 1827இல் டென்னசியின் ஆளுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1829இல் மணவாழ்வு முறிந்தது. ஹூஸ்டன் ஆளுநர் பதவியைத் துறந்து செரோக்கியரிடமே அடைக்கலம் புகுந்தார். அவர்களின் குறைகளைத் தலைநகர் வாஷிங்டனில் எடுத்துரைத்தார். பின்னர், மெக்சிகோவின் ஆட்சியிலிருந்த டெக்சாஸ் சென்றார். 1836இல் சான் ஜசின்டோ போரில் அவர் தலைமையேற்ற படை பதினெட்டே நிமிடங்களில் மெக்சிகோ படையை வென்றது. தனிக் குடியரசான டெக்சாஸ் அவரை இருமுறை தலைவராக்கியது. 1845இல் அது அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்தபின், அவர் செனட் சபையில் இடம்பெற்றார்.

கொள்கையின் விலை

ஹூஸ்டன் தாமும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். இஃது அவர் வாழ்வின் மறைக்கவியலாக் கறை. ஆயினும், அடிமைமுறையைப் புதிய நிலப்பகுதிகளுக்குப் பரப்புவது நாட்டைப் பிளந்துவிடும் என அஞ்சினார். அதற்கு வழிதிறந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை 1854இல் எதிர்த்து வாக்களித்த தென்மாநில செனட் உறுப்பினர் இருவருள் அவர் ஒருவர். சினமுற்ற டெக்சாஸ் சட்டமன்றம், அவரை மீண்டும் செனட்டிற்கு அனுப்ப மறுத்தது.

எனினும் 1859இல் மக்கள் அவரை டெக்சாஸின் ஆளுநராக்கினர். 1861இல் டெக்சாஸ் ஒன்றியத்திலிருந்து பிரிந்து, தென்மாநிலக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அக்கூட்டமைப்பிற்கு உண்மையாக இருப்பேன் என உறுதிமொழி ஏற்குமாறு ஹூஸ்டன் அழைக்கப்பட்டார். அவர் மறுத்தார், பதவி பறிக்கப்பட்டது. அவரைப் பதவியில் நிலைநிறுத்தப் படையனுப்ப முன்வந்தார் குடியரசுத் தலைவர் லிங்கன். தம் பதவிக்காகத் தம் மக்களின் குருதி சிந்துதல் ஆகாதென்று ஹூஸ்டன் அதனையும் ஏற்கவில்லை. 1863இல், போர் முடியுமுன்னரே, ஹன்ட்ஸ்வில் நகரில் காலமானார்.

குறையற்ற மாந்தராக அவரைப் போற்ற வேண்டுவதில்லை. தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களே எதிர்த்து நின்றபோதும், தாம் சரியெனக் கண்டதை அவர் கைவிடவில்லை. அதனை நிலைநாட்டப் படைவலிமையை நாடவும் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் அரிது.

கற்பவை கற்றபின்

'மக்களின் விருப்பமும் தலைவரின் மனச்சான்றும் முரண்படும்போது தலைவர் செய்ய வேண்டுவது யாது?' – வகுப்பறையில் கலந்துரையாடுக.