உது செவ்வாய் இல்லை, அப்பு

புரட்டாதி இரவு. புத்தூரில் எங்கள் தோட்டக் கிணற்றுக் கட்டில் பைனாகுலரோடு சாய்ந்திருந்தேன். வடக்கே மங்கலாய் ஒரு செம்மஞ்சள் புள்ளி. வாங்கிப் பார்த்த அப்பு, "உது செவ்வாயடா மோனே" என்றார். சிவந்த புள்ளியென்றால் செவ்வாய் என்று சாதகம் எங்களைப் பழக்கி வைத்திருக்கிறது.

செவ்வாய் இராசிகளின் பாதையை விட்டு விலகாது. நான் பார்த்தது அன்ன மண்டலத்தில். அந்தப் பக்கம் அது எட்டியும் பார்க்காது. நான் பார்த்ததன் பெயர் 61 சிக்னி. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள்.

மங்கலென்றால் வெகுதூரம் என்பதும் பிழை. பக்கத்தில் பளிச்சிடும் டெனெப் விண்மீன் ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால். இது வெறும் 11.4. 61 சிக்னியின் இரண்டு விண்மீன்களின் ஒளியையும் கூட்டினாலும் சூரியனின் கால்பங்கு வராது.

நவக்கிரி நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பார்களே, வானத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1838இல் பெசல் என்ற ஜெர்மானியர் இந்த விண்மீனுக்குத்தான் கயிறு விட்டார். பூமி சூரியனைச் சுற்றிவருகையில் ஆறு மாதத்துக்குள் இது இடம் மாறித் தோன்றும் அளவே அந்தக் கயிறு. எவ்வளவு மாறும்? 25 மீற்றருக்கு அப்பால் பிடித்த ஒரு தலைமயிரின் தடிப்பு. விண்மீன் ஒன்றின் தூரம் நம்பும்படி அளந்து வெளியானது அதுவே முதல்முறை.

சிவந்தால் கொதிப்பு அதிகமா? கொல்லன் உலையில் கேளுங்கள், வெண்மைதான் கடுஞ்சூடு. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். 61 சிக்னியின் இரண்டும் 4,000 அளவில்.

பெரிய தொலைநோக்கி வேண்டாம். புரட்டாதி நடுவில், நிலவில்லாத இரவில், ஒன்பது மணிபோல வடக்கே உயரப் பாருங்கள். டெனெப், அதற்கு இடப்பக்கம் அன்னத்தின் நெஞ்சான சாடர், மேலே சிறகிலுள்ள கீனா. இந்த மூன்றையும் வைத்து ஒரு இணைகரம் போட்டால் வலப்பக்க நான்காவது மூலையில் 61 சிக்னி. இருட்டில் இருபது நிமிடம் கண் பழகட்டும், போனைத் தொடவேண்டாம். வெறுங்கண்ணுக்கு நிறமற்ற புள்ளிதான், மங்கிய ஒளியில் கண் நிறம் பிரிக்காது. பைனாகுலரில் பார்த்தால் பனங்களியைத் தண்ணீரில் கரைத்த நிறம். ஐப்பசி மழைக்கு முன் பார்த்துவிட வேண்டும்.

"இரண்டெண்டாய், ஒண்டாத்தானே கிடக்கு" என்றார் அப்பு. கையில் பிடித்தால் ஆடும், பிரியாது. மண்வெட்டிப் பிடியில் பைனாகுலருக்கு முட்டுக்கொடுத்தேன்.