கம்பியில்லா ஹெட்போனில் ஒலி வராவிடின்

நமது சங்கங்களின் கணக்கு பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டமொன்றை மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏற்றது. கணினி வந்தபின் பயிற்சியும் அதன் வழியே வருகிறது. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்திற்கு நடுவிலும், சிவகாசியில் அச்சு யந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் அமர்ந்து பாடம் கேட்போருக்கு ஹெட்போன் ஆடம்பரப் பொருளன்று, வேலைக் கருவியேயாகும்.

இம்மாவட்டத்துச் சங்கமொன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். வயதில் மூத்த அதன் செயலாளர், முந்திய நாள் இரண்டு மணி நேரம் கம்பியில்லா ஹெட்போனை அணிந்து கணினி வகுப்பில் அமர்ந்திருந்தார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. இளைஞர்கள் நகைப்பரோ என்றஞ்சி, எவரிடமும் கூறாது தலையசைத்துக் கொண்டிருந்திருக்கிறார். "காதுதான் மந்தமாகிவிட்டதோ என்று நினைத்தேன், சார்" என்றார். புதிய ஹெட்போன் வாங்குவதற்கான செலவுச் சீட்டும் மேஜைமீது தயாராயிருந்தது. "ஐயா, அச்சீட்டு சற்றுப் பொறுக்கட்டும்" என்று கூறி, இருவரும் கணினிமுன் அமர்ந்தோம்.

கண்மாயில் நீர் நிரம்பியிருந்தும் தம் வயலுக்கு வராவிடின், விவசாயி உடனே புதுக் கிணறு வெட்டப் புறப்படுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, நீர் எவ்விடத்தில் நின்றது, எவர் வயலுக்குத் திரும்பியது என்று பார்க்கிறார். ஒலியையும் அவ்வாறே தொடர்ந்து சென்று தேடுதல் வேண்டும்.

முதலாவதாக, குறை எப்பக்கம் என்று பிரித்தறிக. ஹெட்போனுக்கு நன்றாக மின்னேற்றி, ஒரு செல்போனுடன் இணைத்துப் பாட்டொன்றைக் கேளுங்கள். அங்கே ஒலிக்குமாயின் ஹெட்போன் பழுதற்றது. தேட வேண்டிய இடம் கணினியே. இச்சோதனைக்குச் செலவு ஒரு காசுமில்லை.

இரண்டாவது, இணைப்பு. சோதனை முடிந்ததும் செல்போனின் ப்ளூடூத்தை அணைத்துவிடுக. இன்றேல் சட்டைப் பையிலுள்ள செல்போனே ஹெட்போனைப் பற்றிக்கொண்டு கணினிக்கு விடாதிருக்கலாம். பின்னர் கணினியின் ப்ளூடூத் பட்டியலைக் காண்க. அங்கே 'பேர்டு' என்றிருப்பது, அங்கத்தினர் பெயர் பதிவேட்டில் இருப்பதைப் போன்றது. 'கனெக்டட்' என்றிருப்பதோ, அவர் கூட்டத்திற்கு வந்து அமர்ந்திருப்பதைப் போன்றது. பதிவேட்டில் பெயர் இருப்பதனால் மட்டும் கூட்டம் நடைபெறாதன்றோ?

மூன்றாவது, மடை. ஒரு கணினிக்கு ஒலி செல்லும் வழிகள் பல உண்டு. சில வேளைகளில் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே திரைப்பெட்டியும் ஒரு வழியாகப் பதிவாகிவிடும். அப்பெட்டியில் ஸ்பீக்கர் இல்லாவிடினும் ஒலி அங்கேயே சென்று வீணாகும். விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்ற வரிசையில் சென்று, 'அவுட்புட்' என்னுமிடத்தில் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, இரட்டைப் பெயர். விண்டோஸ் 10 உள்ள கணினிகளில் ஒரே ஹெட்போன் இரு பெயர்களில் தோன்றுவதுண்டு. 'ஸ்டீரியோ' என்பது கேட்பதற்கு மட்டும். 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்பது பேசவும் கேட்கவும். வகுப்பு நடத்தும் செயலி ஹெட்போனின் மைக்கை எடுத்துக்கொள்ளும்போது 'ஸ்டீரியோ' வழி மௌனமாகிவிடும். ஆகவே வகுப்பில் பேசுவதாயின் இரண்டாவதைத் தேர்க. கேட்பது மட்டுமே வேண்டுமாயின் முதலாவதைத் தேர்ந்து, மைக்குக்கு வேறொன்றைக் காட்டுக. அச்செயலிக்குள்ளும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் இடம் தனியே உண்டு. அதனையும் பார்த்தல் அவசியம்.

ஐந்தாவது, ஒலி அளவு. கணினியில் ஓரளவு, செயலிக்கு ஓரளவு, ஹெட்போனிலேயே ஓரளவு என மூவிடங்களில் இது அமையலாம். ஒன்று மூடியிருந்தாலும் ஒலி வாராது.

இவையாவும் சரியாயிருந்தும் பயனில்லையெனில், 'ரிமூவ் டிவைஸ்' என்பதால் ஹெட்போனைப் பட்டியலினின்று நீக்கி, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, புதிதாக ஜோடி சேர்க்கவும். அதன் பின்னரும் மௌனமாயின் கணினியின் ப்ளூடூத் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஒலி விட்டுவிட்டுக் கேட்குமாயின் காரணம் வேறு. ப்ளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவன. சாதாரண ஹெட்போனுக்குச் சுமார் 10 மீட்டர் வரை எட்டும். இடையில் இரும்பு பீரோ நின்றால் அதுவும் குறையும். நாற்காலியைக் கணினி அருகில் நகர்த்தினாலே பெரும்பாலும் தீரும்.

பட்டாசுத் தொழிலில் உள்ள அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதனுள் இருப்பது லிதியம் பேட்டரி. மருந்து கையாளும் அறைகளுக்குள் செல்போனைப் போன்றே இதனையும் கொண்டு செல்லலாகாது.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, உடனே கேட்டுப் பார்த்தல் நலம். ஐந்தையும் ஒருங்கே மாற்றினால், ஒலி வந்தாலும் குறை எதுவென்று தெரியாது. மறுமுறை அதே இடத்தில் மீண்டும் திகைக்க நேரும்.

அச்சங்கத்தில் நாங்கள் மூன்றாவது படியிலேயே குறையைக் கண்டோம். ஸ்பீக்கர் இல்லாத திரைப்பெட்டிக்கே இரண்டு மணி நேரப் பாடமும் சென்றிருந்தது. மடையைத் திருப்பியதும் பெரியவர் முகம் மலர்ந்தது. செலவுச் சீட்டைத் தாமே கிழித்தார். பின்னர் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில், "நேற்றைய பாடம் எனக்குக் கேட்கவில்லை, மறுமுறை கூற வேண்டும்" என்று தயங்காது கேட்டார்.

நண்பர்களே, கேட்கவில்லை என்று கூறுவதில் இழிவில்லை. கேட்காத பாடத்திற்குத் தலையசைத்துப் பின்னர் அங்கத்தினர் கணக்கில் பிழை நேருமாயின், அதுவன்றோ இழுக்கு?